பல்லைப் பிடித்துப் பார்த்தீர்களா?

செஞ்சிக்குப் போனால் ராஜகிரி அடிவாரத்தில் உள்ள குதிரை லாயத்தைக் கட்டாயம் பாருங்கள். தேசிங்குராஜன் ஆண்ட ஊர் அல்லவா? 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருதி மாண்ட அந்த இளைஞனை, நாட்டுக் கதைப்பாடல்கள் இன்றும் குதிரை மேல்தான் உட்கார்த்தி வைத்திருக்கின்றன.

அந்தக் காலத்தில் குதிரை வாங்குகிறவன் சும்மா வாங்கிவிட மாட்டான். பல்லைப் பார்த்து வயசைக் கணக்கிடுவான்; சுழி பார்ப்பான்; குளம்பைத் தூக்கிப் பார்ப்பான். குதிரை தெரிந்த ஒருவனைக் கூடவே அழைத்துப் போவான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் ரூபாயை எண்ணிக் கொடுத்து வாங்குவதைப் பார்த்தே ஆக வேண்டும்!

இந்தக் காலத்துப் பறக்கும் குதிரை சிறிய ஆகாய விமானம். அதையும் பழசாக வாங்குகிறார்கள் என்றால் ஆச்சரியப்படாதீர்கள். 1956-ல் அமெரிக்காவில் தயாரிக்கத் தொடங்கிய, நாலு பேர் உட்காரக்கூடிய 'செஸ்னா 172' விமானம் இதுவரை 44,000-க்கு மேல் தயாராகியிருக்கிறது. பழைய கார்களைப் போலவே அவையும் கைமாறுகின்றன.

கார் நடு ரோட்டில் நின்றால் இறங்கித் தள்ளலாம். ஆகாயத்தில் என்ன செய்வது? ஆகையால் விவரம் தெரிந்தவர்கள், பணம் கொடுக்குமுன் தாங்களே ஒரு மெக்கானிக்கை அமர்த்திப் பரிசோதிக்கிறார்கள்.

அவர் முதலில் கேட்பது குறிப்பேடு. அதுதான் விமானத்தின் ஜாதகம். எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது எது பழுது பார்க்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். நடுவில் சில வருஷங்களைக் காணோம் என்றால் சந்தேகந்தான். பிறகு ஒவ்வொரு ஸிலிண்டரிலும் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பார். எண்ணெய் வடிகட்டியை அறுத்து, உலோகத் தூள் தங்கியிருக்கிறதா என்று தேடுவார். கடற்கரை ஊரில் நின்ற விமானமானால், உப்புக் காற்று தகட்டை அரித்திருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் ஆராய்வார். மேலே பளபளக்கும் புது வர்ணம் அவரை ஏமாற்றாது.

பரிசோதனை என்றால் குற்றம் கண்டுபிடிப்பது மட்டுமல்ல. இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும், 'லிபரேட்டர்' என்ற பெரிய குண்டு வீச்சு விமானங்களை யாரும் உபயோகிக்க முடியாதபடி பழுதாக்கிக் கான்பூரில் போட்டுவிட்டுப் போனார்கள். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் நிபுணர்கள் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, தேறக்கூடியவற்றைப் பிரித்தெடுத்தார்கள். பறக்குமளவுக்குச் சரிசெய்து பெங்களூருக்குக் கொண்டு சென்று, முழுவதும் புதுப்பித்தார்கள். சுமார் 40 விமானங்கள் பிழைத்தன! 1948 முதல் 1968 வரை அவை நம் விமானப் படையில் ஊழியம் செய்தன.

நாம் விமானமா வாங்கப் போகிறோம் என்கிறீர்களா? பழைய ஸ்கூட்டரோ, தையல் மெஷினோ வாங்குவோம் அல்லவா? அதற்கும் இதே முறைதான். விற்கிறவரின் மெக்கானிக் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும், வரன் விசாரிக்கும்போது பிள்ளை வீட்டாரை மட்டுமா கேட்கிறோம்? அட்வான்ஸ் கொடுக்குமுன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை, கூலி கொடுத்தாவது அழைத்துப் போங்கள். இப்போதே எதை மாற்ற வேண்டும், ஒரு வருஷத்துக்குள் எது தேய்ந்துவிடும், அதற்கெல்லாம் என்ன செலவாகும் என்று கேளுங்கள். அந்தத் தொகையைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். கறிகாய்க்காரரிடம் பேரம் பேசிப் பழகிய உங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா, என்ன?