சேணம் ஏறலாமா?

2020ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி இரவு, பிரித்தானியப் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் தொலைக்காட்சியில் தோன்றி, மக்கள் யாவரும் வீட்டிலேயே இருத்தல் வேண்டுமெனப் பணித்தார். கொரோனா பரவிய காலம் அது. நாளொன்றுக்கு ஒருமுறை தேகாப்பியாசம் செய்ய மட்டும் இடமளித்தார். நடக்கலாம், ஓடலாம், சைக்கிளில் செல்லலாம் என்றார். குதிரை ஏறலாமா என்பதை அவர் சொல்லவில்லை!

பந்தயங்கள் 18ஆம் திகதியே நிறுத்தப்பட்டுவிட்டன. ஆனால், சொந்தமாக ஒன்றிரண்டு குதிரைகளை வளர்ப்போர் என் செய்வர்? அவர்களுட் பலர், தம் குதிரையை வீட்டுக்குத் தொலைவிலுள்ள வாடகை லாயத்திலன்றோ விட்டிருந்தனர். உணவளிக்கச் செல்லத் தடையில்லை. ஏறிச் செல்வதிலேதான் வழக்கு எழுந்தது.

குதிரையோ ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி. வேலியோரத்துக் காகிதம் ஒன்று காற்றில் அசைந்தாலும் மிரளும். விழுந்தவருக்கு எலும்பு முறிந்தால், மூச்சுத் திணறுவோரால் நிரம்பிய வைத்தியசாலையில் இன்னொரு கட்டில் வேண்டும். ஏப்ரில் 6ஆம் திகதி பிரதமரே தீவிர சிகிச்சைப் பிரிவிற் சேர்க்கப்பட்ட வேளை அது.

மறுபுறம், குதிரையைச் சும்மா கட்டி வைத்தலும் தீதே. வசந்த காலப் புல்லில் சர்க்கரைச் சத்து மிகுதி. அதனை அளவின்றி மேயும் மட்டக்குதிரைக்குக் குளம்பினுள் அழற்சி தோன்றி, நிற்கவும் மாட்டாது வருந்தும். வண்டிக் குதிரைகள் உழைத்த பழைய நாளில் 'திங்கட் காலை நோய்' என்றே ஒன்றிருந்தது. ஞாயிறன்று வேலையின்றி முழுத் தீனியும் தின்ற குதிரை, மறுநாள் வண்டியிற் பூட்டியதும் தசை இறுகி நின்றுவிடும். ஆகவே, வேலை குறைந்தால் தானியத்தையும் குறைத்தல் வேண்டும். நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடலாம். கையிற் பிடித்து நடத்தலாம். இவற்றுக்குச் சேணம் வேண்டியதில்லை. (உதை விழும் அபாயம் இங்கும் உண்டுதான்.)

எனவே, அவ்வாரங்களிற் சேணத்தைக் கழற்றி வைத்தோரே சரியாக நடந்தனர் என்பது எம் கருத்து. தம் வயலுக்குள்ளேயே, சாதுவான கிழக்குதிரையில் மெல்ல நடந்துவந்தவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. பழக்கப்படாத இளங்குதிரையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவருக்கோ எவ்விதச் சமாதானமும் இல்லை.

மே 13ஆம் திகதி இங்கிலாந்திற் கட்டுப்பாடு தளர்ந்தது. யூன் 1ஆம் திகதி நியூகாசிலில், பார்வையாளரின்றிப் பந்தயமும் தொடங்கிற்று. ஆயினும், பல வாரம் ஓய்ந்திருந்த குதிரையை அன்றே பாய்ச்சலில் விடலாகாது, தசைநார் அறுந்துபோகக்கூடும். முதற் சில வாரங்கள் நடையோடு நிறுத்திக்கொள்வதே முறை.