பத்து லட்சம் லூமன், நான்கு நொடி

ஆம்பூர் பஜாரில் தெரிந்தவர் ஒருவரின் நகைக்கடைத் தராசில் ஒருநாள் நான் எடை போட்டது தங்கம் அல்ல, ஒரு பேட்டரி செல். 18650 ரகம். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இணையத்தில் வாங்கியது. உறைமேல் கொள்ளளவு 9,900 எம்.ஏ.எச். என்று பளபளவென்று அச்சடித்திருந்தார்கள். தராசு 27 கிராமில் நின்றது. ஒழுங்கான செல் என்றால் 45 கிராமை ஒட்டி இருக்கும். "என்ன தம்பி, செம்பு கலந்திருக்கா?" என்று கடைக்காரர் சிரித்தார். கலந்திருந்தால்கூடப் பரவாயில்லை, இது உள்ளே பாதி காலி.

எனக்கு டார்ச் கட்டும் பைத்தியம் உண்டு. உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். எல்.இ.டி. ஓரிடத்திலிருந்து வரும், மின்னோட்டத்தை அடக்கி ஆளும் டிரைவர் பலகை இன்னோரிடத்திலிருந்து வரும். உடலை மட்டும் தாங்களே வரைந்து, கடைந்து, சால்டர் வைத்துப் பூட்டுவார்கள். நம் பக்கத்தில் இதற்கு வசதி அதிகம். ராணிப்பேட்டையில் பெல் ஆலையை நம்பி வளர்ந்த பட்டறைகளில் அலுமினியத் தண்டை நீட்டினால் சொன்ன அளவுக்குக் கடைந்து தருவார்கள். உறை தைக்கத் தோலுக்கா பஞ்சம்?

வெறும் ஆசை மட்டுமல்ல, தோல் பதனிடும் நம் வட்டாரத்தில் நல்ல டார்ச்சுக்கு உண்மையான வேலையும் இருக்கிறது. தோலை ரகம் பிரிப்பவரைக் கேட்டுப் பாருங்கள். நீலம் பாய்ந்த மலிவு வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு பழுப்புத் தோல்கள், வெயிலுக்குக் கொண்டுபோனதும் தனித்தனி ஜாதியாகிவிடும். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. அது 90-க்கு மேல் போகும் எல்.இ.டி.யைத் தேடி வாங்கிப் பூட்டுகிறவர்கள் அதனால்தான் இருக்கிறார்கள்.

ஆனால் கட்டுகிறவர் தனக்குத் தெரியாமலே இரண்டு நாற்காலியில் உட்காருகிறார். பாகம் வாங்கும்போது அவர் நுகர்வோர். கட்டியதை இன்னொருவருக்கு விற்ற நிமிடத்திலிருந்து சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளர். முதல் நாற்காலியில் ஏமாறுகிறவர்கள், இரண்டாவது நாற்காலி இருப்பதையே அறியாதவர்கள் என இரண்டு வகையினரையும் எனக்குத் தெரியும். முதல் வகையில் நானே இருந்திருக்கிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். நல்ல கம்பெனி 18650 செல்லின் கொள்ளளவு பெரும்பாலும் 3,500 எம்.ஏ.எச். பக்கத்தில் முடிந்துவிடும். 9,900 என்பது அந்த உருளைக்குள் அடங்காத பொய். வெளிச்சத்துக்கும் இதே கதைதான். பத்து லட்சம் லூமன் என்று விளம்பரம் வருகிறது. ஒரு வாட் மின்சாரத்துக்கு 100 லூமன் என்று தோராயமாக வைத்துக்கொண்டால் பத்து லட்சத்துக்கு 10,000 வாட் வேண்டும். நல்ல 18650 செல் ஒன்றில் அடங்குவது சுமார் 12 வாட்-மணி. விளம்பரம் நிஜமென்றால் அந்த டார்ச் நான்கு நொடி எரிந்து அணையும். அதற்குள் கையும் வெந்திருக்கும்.

டார்ச்சை அளக்க எஃப்.எல்.1 என்று ஒரு தரமுறை இருக்கிறது. போட்டவுடன் பாயும் முதல் வீச்சை அது கணக்கில் எடுப்பதில்லை, 30 நொடி கழிந்த பிறகே லூமனை அளக்கச் சொல்கிறது. வீச்சுத் தூரம் என்றால் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம், அதாவது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. அப்படிப் பார்த்தால் ஒரு கிலோமீட்டர் அடிக்க 2,50,000 கேண்டெலா ஒளிச்செறிவு வேண்டும். இரண்டு கிலோமீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தால் நான்கு மடங்கு, பத்து லட்சம் கேண்டெலா. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன விளக்கு அவ்வளவு தூரம் அடிப்பதாகச் சொன்னால் கேள்வி கேளுங்கள்.

கேட்கும் உரிமை காகிதத்திலேயே இருக்கிறது. பொதிந்து விற்கும் பொருளின்மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, விலை, புகார் எண், வெளிநாட்டுப் பொருளானால் எந்த நாடு என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதி. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. தராசையும் படிக்கல்லையும் சோதிக்க வருகிறவர்களிடமே இந்தப் புகாரையும் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கையடக்கக் கருவிகளுக்கான லித்தியம் செல்லும் பேட்டரியும் இந்தியத் தர அமைப்பின் (பி.ஐ.எஸ்.) கட்டாயப் பதிவுக்குள் வருபவை. ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் தேடுங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் யாருடையது என்று வந்துவிடும். எண் ஒருவருடையதாகவும் உறை இன்னொருவருடையதாகவும் இருந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

என் 27 கிராம் செல்லுக்கு வருகிறேன். தராசோடு சேர்த்துப் படம் எடுத்து, விளம்பரப் பக்கத்தையும் சேமித்து வைத்து, விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். 2020-இல் வந்த இணைய வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்கு வந்தது "வருந்துகிறோம்" என்ற ஒரு வரிதான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்த பிறகு பணம் திரும்பியது. திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். விற்றவர் தில்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த பெரிய வசதி. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொய் லூமன் விளம்பரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். முதல் தவறுக்கே பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடும் அதிகாரம் அதற்கு உண்டு. லூமனுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகத்தான் வருகிறது!

பணம் போனால் போகட்டும். உயிர் சமாச்சாரம் வேறு. 2022 மார்ச் மாதக் கடைசியில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில், வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்தது. ஒரு தந்தையும் பள்ளிக்குப் போகும் மகளும் புகையில் மூச்சுமுட்டி இறந்தார்கள். இந்த வட்டாரத்தில் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஸ்கூட்டர் பேட்டரியில் இருக்கும் சக்தி டார்ச் செல்லில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல் என்பது உண்மை. ஆனால் டார்ச்சுக்கென்று தனி ஆபத்து ஒன்று உண்டு. செல் சூடேறிப் புகையும் வாயுவும் கக்கும்போது அதற்கு வெளியேற வழி வேண்டும். ஓ-ரிங் போட்டு, தண்ணீர் புகாமல் இறுக்கித் திருகிய அலுமினியக் குழாயில் வழி ஏது? அப்போது கையில் இருப்பது விளக்கு அல்ல, குழாய் வெடி.

அதனால் முதன்முதலாகக் கட்டுகிறவர் ஒற்றைச் செல் டார்ச்சோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டு மூன்று செல்லை வரிசையாகப் போட்டால் அதில் வலுவிழந்த ஒன்று முதலில் காலியாகும், மற்றவை அதைத் தலைகீழாக ஓட்டும். பழைய மடிக்கணினிப் பேட்டரியை உடைத்துச் செல் எடுப்பது நம் ஊர்ப் பழக்கம். அப்படி எடுத்த இரண்டை ஜோடி சேர்ப்பதைவிட, முன்பின் தெரியாத இரண்டு மாட்டை ஒரே நுகத்தில் பூட்டலாம். லித்தியம் அயனிச் செல்லுக்குச் சார்ஜின் மேல் எல்லை 4.2 வோல்ட். 2.5-க்குக் கீழே இறங்கிக் கிடந்த செல்லை மறுபடி உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள். மேலுறை ஓரிடத்தில் கிழிந்திருந்தாலும் வேண்டாம். தூங்கும் அறையிலும், வெளியே போகும் வாசலை மறிக்கும் இடத்திலும் சார்ஜில் போடாதீர்கள். தீ என்று ஆகிவிட்டால் ஆட்களை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், ஒரு மூச்சுகூட உள்ளே போகக்கூடாது.

சூடு விஷயத்தில் உலோகம் பேசும். எல்.இ.டி.க்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போகிறது. செம்பு வெப்பத்தைக் கடத்தும் அளவு 400 என்றால், அலுமினியக் கலவை 170-ஐ ஒட்டி, துருப்பிடிக்காத எஃகு 15-தான். அழகுக்காக எஃகில் கடைந்த டார்ச்சில் தலை கொதிக்கும், பிடி சில்லென்று இருக்கும், கைக்கு ஆபத்து தெரியவே தெரியாது. அதை நம் துண்டுத் தோலில் தைத்த உறைக்குள் செருகி, இடுப்பில் உட்காரும்போது சுவிட்ச் அழுந்தினால்? தோல் வெப்பத்தை விடாது. உறைக்குள் போடும் முன் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். அனோடைஸ் செய்த மரை என்றால் அங்கேயே மின்சுற்று அறுந்துவிடும். விமானத்தில் போகிறவர்கள் உதிரிச் செல்லைக் கைப்பையில் மட்டுமே, முனையை மூடி எடுத்துப்போக வேண்டும். பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப விதி இடம் தராது.

இனி நம் வட்டாரத்துக்கே உரிய எச்சரிக்கை. கையால் கட்டிய டார்ச்சை டேனரியின் ஸ்ப்ரே அறைக்குள்ளும் கரைப்பான் கிடங்குக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள். ஃபினிஷிங்கில் அடிக்கும் கலவையின் ஆவி பற்றிக்கொள்ள ஒரு சுவிட்சின் பொறி போதும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஏ பிரிவு டார்ச்சுக்காகவே எழுதியது போலிருந்தது. தீப்பற்றும் வாயுவோ ஆவியோ இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் எதிலும் தீப்பொறி வெளிவராத அமைப்புள்ள விளக்கைத் தவிர வேறு விளக்கு கூடாது என்றது அது. அந்த விளக்கை வாங்கித் தர வேண்டியது முதலாளி. தரவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் சொல்லலாம்.

கழிவுக் குழி இன்னும் மோசம். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வரும் சல்பைடு நீரும் பிக்கிள் செய்த அமில நீரும் கலக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் என்பார்கள். அளவு கூடினால் அந்த நாற்றமே தெரியாமல் மூக்கு மரத்துவிடும். பளிச்சென்ற டார்ச் அடித்துப் பார்த்து, "ஒன்றும் இல்லை, தரை தெரிகிறது" என்று இறங்குவதுதான் பயம். வெளிச்சம் தைரியத்தைக் கொடுக்கும், வாயுவைக் காட்டாது. விளக்கு எவ்வளவு உசத்தியோ அவ்வளவு ஆபத்து என்றுகூட இந்த ஒரு இடத்தில் சொல்வேன்.

இரண்டாவது நாற்காலி. நீங்கள் கட்டிய டார்ச்சைப் பார்த்து நாலு பேர் "எனக்கும் ஒன்று செய்து கொடுங்களேன்" என்பார்கள். காசு வாங்கிக் கொடுத்தீர்களா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களைத் தேடி வரும். பிறர் செய்த பாகங்களை ஒன்றுசேர்ப்பவரும் அதன்படி உற்பத்தியாளர்தான். பிறர் செய்த பொருளில் தன் முத்திரையைப் பதிப்பவரும் அப்படியே. வடிவமைப்பில் குறை, செய்கையில் குறை மட்டுமல்ல, எப்படிப் பயன்படுத்த வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று போதுமான அளவு எழுதித் தராததும் பொறுப்பில் சேரும். "இரண்டு மீட்டர் தண்ணீரில் தாங்கும்" என்று உறுதி கொடுத்துவிட்டுத் தாங்காமல் போய், அதனால் ஒருவருக்குக் கேடு வந்தால், நான் கவனமாகத்தான் செய்தேன் என்ற வாதம் எடுபடாது.

இதைக் கேட்டு நம் ஊர்க்காரர்கள் ஆச்சரியப்படக் கூடாது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், தன் செயலால் கேடில்லை என்று காட்ட வேண்டிய சுமை செய்கிறவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் சொன்ன வழக்கின் பெயரே வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு. பாலாற்றுக்காகச் சொன்னது. பொருள்களின் சட்டம் வேறு, ஆனால் வாசம் அதுதான்.

சட்டத்தின் மறுபக்கமும் உண்டு. கம்பெனி டார்ச்சைப் பிரித்து வேறு எல்.இ.டி. போட்டு, டிரைவரையும் மாற்றிய பிறகு அது வெடித்தால் விற்றவர்மேல் வழக்கு நிற்பது கடினம், மாற்றியமைத்த பொருளுக்கு அவருக்கு விலக்கு இருக்கிறது. லாப வியாபாரத்துக்காக மொத்தமாகச் செல் வாங்கினால் நீங்கள் நுகர்வோர் என்ற தகுதியையே இழக்கலாம். சுயதொழிலாக, அதை மட்டுமே நம்பிப் பிழைக்கிறவருக்கு மட்டும் சட்டம் இடம் விட்டிருக்கிறது. ஆகவே ரசீது, செல்லின் பதிவு எண், எந்த டார்ச் யாருக்குப் போனது என்ற குறிப்பு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெட்டிக்குள் ஒரு தாளும் போடுங்கள். எந்தச் செல், எவ்வளவு நேரம் முழு வெளிச்சம், குழந்தை கண்ணில் அடிக்கக்கூடாது, கரைப்பான் இருக்கும் இடத்தில் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடிக்குப் போகும் டார்ச் என்றால் உருதுவிலும் எழுதுங்கள்.

செத்த செல்லைக் குப்பையில் போடக்கூடாது என்கிறது 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதி. தனியாகச் சேர்த்து, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைக்க வேண்டும். திரும்பப் பெறும் பொறுப்பு தயாரித்தவருக்கும் இறக்குமதி செய்தவருக்கும். பெயரும் முகவரியும் இல்லாத செல்லை யார் திரும்பப் பெறுவார்? என் 27 கிராம் செல், இரு முனையிலும் டேப் ஒட்டி, திண்ணையில் மணல் நிரப்பிய பிஸ்கட் டின்னில் இன்னும் கிடக்கிறது.