கடல் அட்டை: இந்தக் கரையில் ஜெயில்... எதிர்க்கரையில் லைசென்ஸ்! ஏன்?

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கடல்வழியே சுமார் 30 கி.மீ.தான். அங்கே அரசு அனுமதி வாங்கினால் கடல் அட்டை பிடிக்கலாம், பண்ணையில் வளர்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். இங்கே அதைப் பிடித்தால் ஜெயில். ஒரே கடலுக்கு ஏன் இரண்டு சட்டம்?

யாருக்கு வேணும் இந்த அட்டை?

பேரில்தான் அட்டை, ரத்தம் குடிக்காது. நட்சத்திர மீனுக்குச் சொந்தக்கார உயிரினம் இது. நம்ம ஊரில் யாரும் சாப்பிடுவதில்லை. ஆனால், வேகவைத்துக் காயவைத்த அட்டைக்கு சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் செம கிராக்கி.

எதற்குப் பாதுகாப்பு?

கடலடி மண்ணை விழுங்கி, அதிலிருக்கும் மக்கிய கழிவைச் செரித்துவிட்டு, சுத்தமான மண்ணை வெளியே தள்ளும். வயலுக்கு மண்புழு எப்படியோ, கடலுக்கு இது அப்படி. மெதுவாக ஊர்வதால், ஆள் வந்தால் தப்பிக்கவும் முடியாது. முட்டையும் விந்தணுவும் கடல்நீரில்தான் சேர வேண்டும். அட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இல்லையென்றால் கரு உருவாவது கஷ்டம். எனவே, எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனாலே இனம் மீள்வது சிரமம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1982-ல் 3 அங்குலத்துக்குச் சிறிய அட்டைகளை ஏற்றுமதி செய்ய மட்டும் தடை வந்தது. 2001-ல் எல்லா வகைக் கடல் அட்டைகளும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை! பிடித்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது ரூ.25,000.

வலையில் தானாக மாட்டினால்?

உயிரோடு இருக்கும்போதே கடலில் விட்டுவிட வேண்டும். கரைக்குக் கொண்டுவந்தால் வழக்குதான்.

மீனவர்கள் கேட்பது என்ன?

தடையை நீக்குங்கள், இல்லையென்றால் கட்டுப்பாட்டோடு அனுமதியுங்கள் என்கிறார்கள் ராமநாதபுரம் பகுதி மீனவர்கள். சங்கு குளித்தவர்கள் பலருக்கு அட்டையும் ஒரு வருமானமாக இருந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே தூத்துக்குடியில் அட்டைக் குஞ்சுகளை உற்பத்தி செய்து காட்டியது. ஆனால், வளர்த்து விற்கச் சட்டத்தில் இடமில்லை.

அனுமதித்தால் என்ன சிக்கல்?

காய்ந்த அட்டையைப் பார்த்து, அது பண்ணையில் வளர்ந்ததா, கடலில் திருடியதா என்று சொல்ல முடியாது. இங்கே பிடித்ததைப் படகில் இலங்கைக்குக் கடத்துவதும் அதனால்தான். கரை தாண்டிவிட்டால் அது 'சட்டப்படியான' சரக்கோடு கலந்துவிடும்.

தடை மட்டும் போதாது. அனுமதி மட்டும் தந்தாலும் அட்டை மிஞ்சாது. எல்லைக்கோடு அட்டைக்குத் தெரியாது. இரு கரைகளும் சேர்ந்து ஒரு விதி வகுக்கும்வரை, கடத்தலில் லாபம் பார்ப்பவர் ஒருவர். படகோடு பிடிபடுபவர் இன்னொருவர்.