ஊசி என்றாலே உதறலா?

சேட்டை பண்ணும் பிள்ளையை அடக்கக் கோவில்பட்டிப் பக்கத்து வீடுகளில் ஒரே மிரட்டல்தான்: "டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போட்டுருவேன்." அந்தப் பிள்ளை வளர்ந்து தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும். சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கச் சொன்னால், "ஒரு நாள் கூலி போயிருமே" என்று தள்ளிப்போடும். கரிசல்காட்டு விவசாயிக்கோ உளுந்து அறுப்பு முடிய வேண்டும். இரண்டும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அவற்றுக்குப் பின்னால் பல நேரம் பயமும் ஒளிந்திருக்கிறது.

மயக்கம் ஏன்?

பாம்பைக் கண்டு பயந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஊசி, ரத்தம், காயம் ஆகியவற்றைக் கண்டு பயப்படும் பலருக்கு நடப்பது வேறு. அழுத்தம் சற்று ஏறி, சட்டென்று சரிகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ஒரே குடும்பத்தில் பலருக்கு இது இருப்பதும் உண்டு. மீசை வைத்த ஆள் ஊசிக்கு மயங்கினால் சிரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தசையை இறுக்குங்கள்

இதற்கு 1980களில் ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் கோரான் ஓஸ்ட் ஒரு பயிற்சியை வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்க வேண்டும். முகத்தில் சூடு ஏறுவது தெரிந்ததும் தளர்த்திவிட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. சரியும் அழுத்தத்தை இது தூக்கி நிறுத்தும். வீட்டிலேயே சில நாள் பழகிவிட்டுப் போகலாம். ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக விட வேண்டும். "எனக்கு மயக்கம் வரும்" என்று நர்ஸிடம் முன்கூட்டியே சொன்னால் படுக்க வைத்தே ஊசி போடுவார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறும் பிரஷர்

சிலருக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பிரஷர் 140/90-ஐத் தாண்டும். வீட்டில் பார்த்தால் 135/85-க்குக் கீழே இருக்கும். 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இவர்களுக்கு உதவும். வாசலுக்கே வரும் தன்னார்வலரிடம் அளவு பார்த்து, குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டலாம். வீட்டில் குறைவாக இருக்கிறதே என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. இத்தகையவர்களில் சிலருக்குப் பின்னாளில் நிஜமாகவே ரத்தக்கொதிப்பு வருகிறது.

பிள்ளைகளிடம் பொய் வேண்டாம்

தடுப்பூசி வலியைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வழிகள் எளியவை. கைக்குழந்தைக்கு ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுக்கலாம். சற்று வளர்ந்த பிள்ளையை மடியில் உட்கார வைத்து அணைத்துக்கொள்ளலாம். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிக் கூட்டிப்போனால் அடுத்த முறை அந்தப் பிள்ளை வாசலைத் தாண்டாது.

இத்தனைக்குப் பிறகும் பயம் விடவில்லையா? கோவில்பட்டி அரசுத் தலைமை மருத்துவமனைக்கு முதல் நாள் துணைக்கு ஒருவரோடு சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை பிரஷர் மட்டும் பாருங்கள். ரத்தப் பரிசோதனை அதற்குப் பிறகு. மனநல ஆலோசனைக்கு டெலி மனஸ் எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.