தொலைபேசியில் தெரியும் மாத்திரைப் போதை

அமெரிக்காவில் மாத்திரை விஷயத்தில் ஏதாவது விபரீதமானால் வீட்டார் கூப்பிடும் எண் 1-800-222-1222. எங்கிருந்து கூப்பிட்டாலும் அந்தப் பகுதிக்கான விஷக் கட்டுப்பாட்டு மையம் எடுக்கும். இப்படியான முதல் மையம் 1953-ல் சிகாகோவில் தொடங்கியது.

மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் நர்ஸ் அல்லது மருந்தாளுநர். பதற்றத்தைத் தணித்து வழி சொல்லிக்கொண்டே விவரங்களைப் பதிவுசெய்வார். என்ன மாத்திரை, எத்தனை? விழுங்கினாரா, பொடித்து மூக்கில் உறிஞ்சினாரா, கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டாரா? குழந்தை தெரியாமல் எடுத்ததா, தற்கொலை முயற்சியா, போதைக்காகவா? மாத்திரை மேல் பொறித்த எழுத்தையும் கேட்பார். ஆக்ஸிகான்டின் வலிநிவாரணியில் பழைய மாத்திரைக்கு 'ஓ.சி.', 2010-ல் வந்த புதியதற்கு 'ஓ.பி.'. மகனின் சட்டைப்பையில் கிடைத்த மாத்திரை எதுவென்று கேட்கும் அழைப்பும் பதிவாகும். யாரும் எதையும் விழுங்கியிருக்க வேண்டியதில்லை.

இந்தப் பதிவுகள் சில நிமிடங்களில் தேசியத் தரவு அமைப்பைச் சேர்ந்துவிடும். இதன் அருமை இங்கேதான். அளவு மீறி மாத்திரை எடுத்து இறந்தவரின் ரத்தப் பரிசோதனை முடிந்து, காரணம் சான்றிதழில் ஏற வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். அதற்குள் அந்த வட்டாரத்தில் இன்னும் எத்தனை பேர்!

ஆக்ஸிகான்டின் போன்ற ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மாத்திரைகளைக் கண்காணிக்கும் 'ரேடார்ஸ்' திட்டம் இந்த மையங்களின் பதிவுகளையும் பயன்படுத்துகிறது. அதைத் தொடங்கியது ஆக்ஸிகான்டினை விற்ற பர்டியூ பார்மாவேதான். 2006-ல் டென்வரின் பொது மருத்துவமனை அமைப்பிடம் கைமாறியது. விற்றவர் கையில் இந்தக் கணக்கு இருந்திருக்கவே கூடாது என்பேன்.

ஓர் ஊரில் அழைப்பு கூடினால் துஷ்பிரயோகம் கூடிவிட்டது என்று உடனே முடிவுகட்ட முடியாது. அங்கே அந்த மருந்தே அதிகம் விற்றிருக்கலாம். அதனால் மக்கள்தொகையோடும், மருந்துச்சீட்டில் அதை வாங்கியவர்களின் எண்ணிக்கையோடும் வகுத்துப் பார்க்கிறார்கள். 2010-ல் எளிதில் பொடிக்க முடியாத ஆக்ஸிகான்டின் வந்ததும் அந்த மாத்திரை தொடர்பான அழைப்புகள் குறைந்தன. நிம்மதி நிலைக்கவில்லை: அடுத்த ஆண்டுகளில் ஹெராயின் பக்கம் எண்ணிக்கை ஏறியது. ஒரு கதவை அடைத்தவர்கள், ஏற்கெனவே அடிமையானவர்களுக்குச் சிகிச்சை தருவதில் அதே வேகம் காட்டியிருக்க வேண்டும்.

யாராவது போன் செய்தால்தான் பதிவு. தனியறையில் மூச்சு நின்றவருக்காக இந்த எண்ணை யாரும் கூப்பிடுவதில்லை. ஓபியாய்டு மயக்கத்தைப் பார்த்துப் பழகிய மருத்துவரும் பெரும்பாலும் இந்த மையங்களிடம் ஆலோசனை கேட்பதில்லை. ஆகவே இறப்புப் பதிவு, போதை மீட்பு மையங்களின் கணக்கு இவற்றோடு சேர்த்து வைத்தே இந்த எண்களைப் படிக்கிறார்கள்.