'மேன்யூர்' என்றால் கைவேலை

'ஆர்கானிக் மேன்யூர்' என்று அச்சடித்த மூட்டை இப்போது ஊர் ஊராக விற்பனைக்கு வருகிறது. மேன்யூர் என்றால் எரு, அது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதில் சாணமும் கிடையாது, மூட்டையும் கிடையாது.

லத்தீனில் 'மனுஸ்' என்றால் கை. 'ஓபராரி' என்றால் வேலை செய்வது. இரண்டும் சேர்ந்து, 'கையால் வேலை செய்வது' என்ற பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சுமார் 600 வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆங்கிலேயர் நிலத்தை 'மேன்யூர்' செய்கிறார் என்றால், அதை வைத்துப் பராமரிக்கிறார், உழுது பயிரிடுகிறார் என்று அர்த்தம். எரு என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. பிற்பாடு பழைய பொருள் வழக்கொழிந்து, எரு மட்டும் மிஞ்சியது. 'மேனுவலா செய்யணும்' என்கிறோமே, அதிலும் இருப்பது இதே கைதான்.

வள்ளுவரும் உழவு அதிகாரத்தில் இதைத் தொடுகிறார். ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுதால், ஒரு பிடி எருகூட வேண்டாமாம். அங்கேயும் கைவேலைதான் எருவாகிறது.

வங்கியில் பயிர்க்கடன் கொடுத்த காலத்தில், செலவுப் பட்டியலில் எருவை ஒரு வரியிலும் கூலியை இன்னொரு வரியிலும் எழுதுவோம். சொல்லின் வேரைப் பார்த்தால் இரண்டும் ஒரே வரி.

இதை ஏன் சொல்கிறேன்? நம்மில் பலர் யூரியா மூட்டையை விட்டுவிட்டு இயற்கை உர மூட்டைக்கு மாறியிருக்கிறோம். மூட்டை மாறியது, கடன் மாறவில்லை. எந்த மூட்டைக்கு வாங்கிய கடன் என்று வட்டி பார்ப்பதில்லை.

"கைவேலைக்கு ஆள் எங்கே சார்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதற்குத்தான் பசுந்தாள் உரம் இருக்கிறது. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். சுமார் 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். சுமக்க வேண்டாம், இறைக்க வேண்டாம். வீட்டில் இரண்டு மாடு இருந்தால் சாணத்தை வெயிலில் காயவிடாமல் நிழலில் குவித்து, ஈரம் காத்து, அவ்வப்போது கிளறிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பற்றாக்குறை இருந்தால், அதற்கு மட்டும் மூட்டை வாங்கலாம்.