பீற்றர் ஸ்கொற்றும் நீர்ப்பறவை அறநிலையமும்

விளையாட்டுக் களத்திற் பெயர்பெற்றோர் பிற்காலத்தே அறநிலையம் அமைத்தல் மேனாடுகளில் இன்று பெருவழக்காய்விட்டது. அவருட் பெரும்பாலார் நோயாளர்க்கும் ஏழைச் சிறார்க்கும் உதவுவர். வாய்பேசா உயிர்களுக்காக நிலையம் அமைத்தோர் சிலரே. அச்சிலருள்ளும், தாமே பல்லாண்டு வேட்டையாடிய பறவைகளுக்குப் புகலிடம் அமைத்த ஒருவரின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. அவர் 1936 ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டில் வெண்கலப் பதக்கம் பெற்ற ஆங்கிலேயராகிய பீற்றர் ஸ்கொற் ஆவார்.

ஸ்கொற் என்னும் பெயர் உலகிற்கு முன்னமே அறிமுகமானது. தென்துருவத்தை அடைந்து, திரும்பும் வழியிற் பனிப்புயலில் அகப்பட்டு 1912 இல் உயிர்நீத்த கப்பற்றலைவர் றொபேட் பல்கன் ஸ்கொற் இவருடைய தந்தையார். அவர் தம் கூடாரத்திலிருந்து மனைவிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில், மகனுக்கு இயற்கையாராய்ச்சியில் விருப்பம் உண்டாகச் செய்யுமாறும், விளையாட்டுக்களிலும் அது மேலானதென்றும் குறித்திருந்தார். மகன் 1909 ஆம் ஆண்டு செத்தெம்பரிற் பிறந்தவர். கடிதம் எழுதப்பட்டபோது மூன்று வயதும் நிரம்பாத குழந்தை. தாயாராகிய கதலின் சிற்பக்கலையில் வல்லவர். கணவனின் வேண்டுகோளை அவர் மறவாது போற்றினார். எனினும் மகன் அதிற் பாதியையே கடைப்பிடித்தார் எனல் வேண்டும். இயற்கையைக் கற்றார், விளையாட்டை விட்டாரல்லர்.

கேம்பிறிட்ஜ்ப் பல்கலைக்கழகத்திற் பயின்ற நாளில், இளைஞர் ஸ்கொற்றின் மனம் நூலகத்திலும் பார்க்கச் சதுப்பு நிலங்களிலேயே பெரிதும் தங்கியது. கிழக்கிங்கிலாந்தின் கடலோரச் சேற்றுப் படுகைகளிற் குளிர்காலத்தில் வாத்துக்கள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும். அவற்றைச் சுடுதற்குத் தட்டையான சிறு வள்ளமொன்றின் முன்புறத்திற் பெருந்துப்பாக்கியைப் பொருத்தி, அதன்மேற் குப்புறக் கிடந்து, இருளிலும் பனியிலும் ஓசையின்றி அணுகுவது அக்கால வேட்டையாளரின் முறை. காற்றின் திசை, நீரின் ஏற்றவற்றம், பறவையின் குரல், அது எழும் நேரம் ஆகிய யாவும் அறிந்தவனுக்கே அவ்வேட்டை கைகூடும். ஸ்கொற் அதில் வல்லவரானார். தாம் சுட்டவற்றையே ஓவியமாகவும் தீட்டினார். 1933 இல் இலண்டனில் அவருடைய ஓவியக் காட்சி நடைபெற்றது; அவ்வாண்டு முதற் போர் தொடங்கும்வரை நீன் ஆற்று முகத்திலுள்ள பழைய வெளிச்சவீடொன்றிற் குடியிருந்து, பறவைகளைத் தீட்டிப் பிழைத்தார்.

அக்காலத்திலேயே ஒரு நாள், சுடப்பட்ட வாத்தொன்று கால்கள் முறிந்து, எவரும் சென்றடைய இயலாத சேற்றில் வீழ்ந்தது. மறுநாட் காலையிலும் அது உயிரோடு அங்கேயே கிடந்தது. தம் பொழுதுபோக்கிற்காக ஓருயிரை இந்நிலைக்கு ஆளாக்க மனிதனுக்கு என்ன உரிமை உண்டு என்னும் ஐயம் அன்று அவர் உள்ளத்திற் புகுந்தது. ஆனால் அன்றே துப்பாக்கியை எறிந்துவிட்டார் என்று கதை கட்டுதல் பொருந்தாது. ஐயம் முளைத்தபின்னும் அவர் பல்லாண்டு வேட்டையாடினார். பறவைகளுக்கு நிலையம் அமைத்தபின்னரும் சிறிதுகாலம் அப்பழக்கம் தொடர்ந்தது. இதனை அவர் மறைத்ததுமில்லை. மனமாற்றம் என்பது மின்னல்போல் வருவதாகக் கூறும் வரலாறுகளிலும் பார்க்க இவ்வரலாறு நம்பத்தக்கது.

பாய்வள்ள ஓட்டத்தில் அவர் பெற்ற தேர்ச்சி சுருங்கக் கூறின் அமையும். 1936 இற் கீல் துறைமுகத்தில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில், ஒரே அளவினவாய்ச் செய்யப்பட்ட வள்ளங்களைத் தனியொருவராய்ச் செலுத்தும் பிரிவில், ஒல்லாந்தருக்கும் யேர்மனியருக்கும் அடுத்து மூன்றாமிடம் பெற்றார். பின்னர் இரட்டையர் செலுத்தும் சிறு வள்ளங்களுக்குரிய வேல்ஸ் இளவரசர் கிண்ணத்தை 1937, 1938, 1946 ஆம் ஆண்டுகளில் வென்றார். 1938 ஆம் ஆண்டு வெற்றியிற் புதுமையொன்று இருந்தது. துணைவர் பாய்மரத்திற் கட்டிய கயிற்றில் உடலைத் தொங்கவிட்டு, வள்ளத்திற்கு முற்றிலும் வெளியே சாய்ந்து அதனைச் சமனாக்கினார். கண்டோர் வியந்தனர், விதியாளர் விரைவில் அதனைத் தடைசெய்தனர், இக்காலத்தில் அதுவே பலவகை வள்ளங்களில் இயல்பான முறையாயிருக்கின்றது.

இரண்டாம் உலகப் போரிற் கடற்படையிற் பணிபுரிந்து வீரப்பதக்கம் பெற்று மீண்டவர், 1945 ஆம் ஆண்டு திசெம்பரிற் குளொஸ்ரர்சயரிலுள்ள சிலிம்பிறிட்ஜ் என்னும் ஊருக்குச் சென்றார். செவேண் ஆற்றங்கரைப் புல்வெளியில் மேய்ந்த வெண்ணெற்றி வாத்துக் கூட்டத்திடையே, பிரித்தானியாவில் மிக அரிதாகவே காணப்பட்ட சிறு வெண்ணெற்றி வாத்து வந்திருத்தல் கூடும் என்று அவர் கருதினார். தேடியது கிடைத்தது. அவ்விடத்திலேயே நிலையம் அமைத்தல் வேண்டுமென்ற எண்ணமும் அப்போதே பிறந்தது. 1946 ஆம் ஆண்டு நவெம்பர் 10 ஆம் நாள் செவேண் நீர்ப்பறவை அறநிலையம் தோன்றியது. சுருங்கிய வருவாயும் பழைய பண்ணைக் கட்டடங்களும் உறுப்பினர் சந்தாவும் ஸ்கொற்றின் தூரிகையுமே அதன் முதல்.

பறவைகளை ஆராய்தல், அருகியவற்றை வளர்த்துப் பெருக்குதல், காண விரும்பும் எவர்க்கும் வாயிலைத் திறந்துவைத்தல் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் இணைத்ததே அந்நிலையத்தின் புதுமையாகும். மூன்றாவதனைப் பற்றி ஐயுறுவார் இருத்தல் கூடும். உலகெங்குமிருந்து கொணர்ந்த பறவைகளுட் பல, பறந்து செல்லாதவாறு சிறகு நுனி கொய்யப்பட்டவை. பறவைக்கு நன்மை செய்ய எழுந்த நிலையம் அதன் பறத்தலைப் பறிப்பது முறையோ என்ற வினாவைப் புறக்கணித்தல் இயலாது. தொலைவிலே புள்ளியாய்ப் பறக்கும் ஒன்றினை நகரத்து மக்கள் காக்க முற்படார்; கையிலிருந்து தானியம் கொத்தும் பறவையையே அவர்கள் நேசிப்பர் என்பது ஸ்கொற்றின் கருத்து. 1953 முதல் அவர் தொலைக்காட்சியிலும் தோன்றி, பறவைகளை வீடுகளுக்குள்ளே கொண்டுவந்தார். கொய்த சிறகுக்கு அது முழுவிடை ஆகுமா என்பது வேறு.

வேட்டையாளன் கற்ற கலை அங்கு வேறு பயன் பெற்றமை காணத்தக்கது. சிலிம்பிறிட்ஜுக்கு அருகே பழங்காலத்துத் தாராப்பொறி ஒன்று இருந்தது. மரங்கள் சூழ்ந்த குளமொன்றிலிருந்து வளைந்து செல்லும் வாய்க்கால்களின்மேல் வலை கூரைபோல் வேயப்பட்டிருக்கும். வாய்க்காலின் ஓரத்தில் நாணற்றட்டிகள் நிரையாக நிற்கும். பழக்கிய நாயொன்று ஒரு தட்டியின் பின்னிருந்து தோன்றி அடுத்ததன் பின்னே மறையும். நரியைக் கண்ட பறவைகள் கூடி அதனைத் தொடர்ந்து நோக்கும் இயல்பின. ஆதலால் அந்நாயைக் கண்ட தாராக்கள் அஞ்சியோடாது வியப்பினால் அதன்பின் நீந்தி, வாய்க்கால் ஒடுங்கும் முனையில் அகப்படும். முன்னர் அவ்வாறு அகப்பட்டவை இலண்டன் சந்தையை அடைந்தன. அறநிலையத்தார் காலத்தில் அவை காலில் இலக்கமிட்ட வளையத்துடன் மீண்டும் வானத்தை அடைந்தன. திறந்த வெளியில் மேயும் வாத்துக்களை இவ்வாறு பிடித்தல் இயலாது. அவற்றின்மேற் பெருவலையை வாணத்தினால் எறியும் முறையை 1948 முதல் ஸ்கொற்றும் துணைவரும் உருவாக்கினர். 1951 இல் ஐஸ்லாந்துக்குச் சென்று, இறகுதிர்த்துப் பறக்கமாட்டாதிருந்த இளஞ்செங்கால் வாத்துக்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றுக்கு வளையமிட்டனர். எங்கே பிறந்த பறவை எங்கே இறக்கின்றது என்பது வளையத்தினாலன்றி அக்காலத்தில் தெரியவில்லை. தெரியாததைக் காத்தல் எங்ஙனம்?

அறநிலையத்தின் பெயரை உலகறியச் செய்தது ஹவாய்த் தீவுகளுக்கே உரிய நேநே என்னும் வாத்தாகும். ஆங்கில எழுத்தில் இப்பறவையின் பெயரும் ஸ்கொற் முன்னர் வாழ்ந்த நீன் ஆற்றின் பெயரும் ஒன்றாயிருத்தல் தற்செயலே. இப்பறவை நீரைப் பெரிதும் நாடுவதன்று. எரிமலைக் குழம்பு இறுகிய கற்றரையில் நடத்தற்கேற்ப அதன் விரலிடைத் தோல் குறுகியிருக்கும். குளிர்மாதங்களிலே முட்டையிடும் இதனை அம்மாதங்களிலேயே மக்கள் வேட்டையாடினர். கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழித்தற்கென்று 1883 இற் கொண்டுவரப்பட்ட கீரிகள் எலியை விட்டு முட்டையையும் குஞ்சையும் தின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காட்டில் எஞ்சியவை முப்பதளவே. ஹேபேட் சிப்மன் என்னும் பண்ணையாளர் வளர்த்த சிறு கூட்டமும் 1946 ஆம் ஆண்டுக் கடற்கோளிற் பெரும்பகுதி அழிந்தது.

1949 இல் ஹவாய் அரசினர் பொகக்குலோவா என்னுமிடத்தில் இவற்றை வளர்க்கத் தொடங்கினர். மறுவருடம் அறநிலையத்தின் பறவைக் காப்பாளர் யோன் யீலண்ட் அங்கு சென்று உதவி, மீளும்போது சிப்மன் அளித்த இணையொன்றைச் சிலிம்பிறிட்ஜுக்குக் கொணர்ந்தார். வாத்தினத்தில் ஆணும் பெண்ணும் தோற்றத்தால் வேறுபடா. 1951 இல் இணை கூடு கட்டியது. ஒரு கூடன்று, இரண்டு. இரண்டிலும் முட்டைகள்! இணையெனக் கருதப்பட்டவை இரண்டும் பெண்களாயிருந்தன. உடனே ஹவாய்க்குத் தந்தி பறந்தது. ஆண் வாத்தொன்று விமானத்தில் வந்துசேர்ந்தது. அதற்கு ஹவாய் மன்னன் பெயராகிய கமேஹமேஹா என்பதனைச் சூட்டினர். 1952 இற் குஞ்சுகள் பொரித்தன. மூன்றே பறவைகளிலிருந்து கூட்டம் பெருகியது. நெருங்கிய உறவினுள் இனம்பெருக்கியமையாற் பொரியாத முட்டைகள் மிகுந்தன; அத்தடையும் மெல்லக் கடக்கப்பட்டது.

1962 இல் அப்பறவைகளின் வழித்தோன்றல்கள் தாய்நாடு திரும்பின. மௌயித் தீவிலுள்ள ஹலேயகலா எரிமலையின் வாய்க்குள்ளே வண்டி செல்லாது. சாரணச் சிறுவர் பெட்டிகளில் இட்டு முதுகிற் சுமந்துசென்று விடுவித்தனர். காலப்போக்கிற் சிலிம்பிறிட்ஜிலிருந்து சென்றவை இருநூறளவின. ஹவாயிலேயே வளர்த்து விடுவிக்கப்பட்டவை இதனிற் பன்மடங்கு. ஆகவே நேநேயைக் காத்த புகழ் முழுதும் ஆங்கிலேயருக்கு உரியதென்பது மிகை. ஆயினும், தன் நாட்டில் நோயோ புயலோ வரின் ஓரினம் முற்றாக அற்றுப்போகாவாறு தொலைவில் ஒரு வித்து இருத்தலின் பயன் பெரிது. கீரியற்ற கௌவாயித் தீவில் அவை நன்கு பெருகின. மொத்தம் 2,800 இற்கு மேற்பட்டதன்பின், 2019 இல் அமெரிக்க அரசினர் நேநேயை அழியும் தறுவாயிலுள்ள இனம் என்னும் நிலையினின்று அச்சுறுத்தப்பட்ட இனம் என்னும் நிலைக்கு மாற்றினர். கீரிகள் ஏனைய தீவுகளில் இன்னும் இருக்கின்றன.

1961 இல் உலக வனவிலங்கு நிதியத்தை நிறுவியோருள் ஸ்கொற் ஒருவர். அதன் சின்னமாகிய பண்டாக் கரடி அவர் வரைந்தது. கருப்பும் வெள்ளையுமான விலங்கைத் தேர்ந்தமையால் அச்சுச் செலவும் குறைந்தது. அழியும் இனங்களைப் பட்டியலிடும் செந்தரவு நூல்களை முதலில் வகுத்தவரும் அவரே. இத்தனைக்கும் இடையில் 1963 இற் பொறியில்லா வானூர்திப் போட்டியிற் பிரித்தானிய வெற்றிவீரரானார்; 1964 இல் அமெரிக்கக் கிண்ணத்துக்கான பாய்க்கப்பலைச் செலுத்தி, நான்கு ஓட்டங்களிலும் தோற்றார்.

1971 இல் ஈரானிலுள்ள ராம்சாரிற் கையொப்பமான ஈரநில உடன்படிக்கையை உருவாக்கியதில் அறநிலையத்தின் ஆராய்ச்சித் தலைவர் ஜெப்ரி மத்தியூஸ் பெரும்பங்கு கொண்டவர். இலங்கை 1990 இல் அதிற் சேர்ந்தது. முதலிற் புந்தலையும், 2010 இல் மன்னாரிலுள்ள வங்காலைச் சரணாலயமும் அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றன. வடதுருவப் பகுதிகளிலிருந்து மாரிகாலத்தில் வங்காலைக்கு வந்திறங்கும் தாராக்களுக்கும் சிலிம்பிறிட்ஜுக்கும் உள்ள தொடர்பு இதுவே.

ஸ்கொற்றின் வீட்டுச் சாளரம் குளமொன்றை நோக்கியது. 1964 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் உருசியத் துருவப் பகுதியிலிருந்து வந்த பியூயிக் அன்னங்களை நோக்கியிருந்தவர், அவற்றின் அலகிலுள்ள மஞ்சளும் கருப்புமான வரைவு பறவைக்குப் பறவை வேறுபடுதலைக் கண்டார். மனிதரின் முகம்போல் ஒவ்வொன்றும் தனி. ஓவியராதலின் அவற்றை வரைந்து வைத்தார், குடும்பத்தினர் பெயரிட்டனர். மறு குளிர்காலத்தில் அதே அன்னங்கள் அதே துணையோடு வந்தன. 1989 ஆம் ஆண்டு ஓகத்து 29 ஆம் நாள், எண்பது வயது நிரம்பச் சில நாள் இருக்கையில், ஸ்கொற் இறந்தார். அப்பதிவேடு நிற்கவில்லை.

அதிற் காணப்படுவன யாவும் மகிழ்ச்சி தருவனவல்ல. வடமேற்கு ஐரோப்பாவுக்கு வரும் பியூயிக் அன்னங்கள் 1995 இல் ஏறத்தாழ 29,000 ஆக இருந்து, 2020 இல் ஏறத்தாழ 13,000 ஆகக் குறைந்தன. குளிர் தணிந்தமையாற் பல இப்போது மேற்கே வராது வழியிலேயே தங்குகின்றன என்பது ஒரு காரணம். அது மட்டுமன்று. இவ்வன்னத்தைச் சுடுதல் அது பறந்துவரும் நாடுகள் அனைத்திலும் சட்டத்தால் விலக்கப்பட்டது. எனினும் அறநிலையத்தார் உயிரோடு பிடித்து ஊடுகதிராற் படம் எடுத்தவற்றில், 1970 களில் மூன்றில் ஒரு பங்கும், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்குமளவு, ஈயச் சன்னங்களை உடலிற் சுமந்தவாறே பறந்து வந்திருந்தன.